இருபத்து மூன்றாவது கிண்ணம்

தட்டையாகத்தான் வரும்.
கட்டுக்கு நூறு, மெழுகு பூசின அட்டை.
மடிக்க வேண்டிய இடத்திலெல்லாம்
நகத்தால் கீறினது போல ஒரு கோடு.
நாலு பக்கமும் நிமிர்த்தி, காதை உள்ளே செருகினால்
கிண்ணம்.
தகரச் சட்டத்தில் இறக்கி
அடியில் ஒரு பிடி மரத்தூள்.
மூடி தகரத்தோடு ஒட்டியது, ஈ வராமல் இருக்க.
எரிப்பதற்கென்றே ஒன்றைச் செய்து
கப்பலேற்றி, சுங்கம் கட்டி இறக்குவார்கள் என்று
இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

முஹர்ரக்கில், கடலுக்கு முதுகைக் காட்டி நின்ற கட்டடம்.
இருபத்திரண்டு கட்டில். எல்லோருக்கும் நெஞ்சு.
சம்பளச் சீட்டில் நான் 'வார்டு பையன், அ. மரியசூசை'.
பையனுக்கு வயது முப்பத்தொன்பது,
ஒப்பந்தம் இரண்டு வருஷம்.

காலையில் கொடுத்தது இருபத்திரண்டு.
மாலையில் எரித்தது இருபத்திரண்டு.
நோட்டில் இவ்வளவுதான் எழுத வேண்டும்.

பலூச்சிக் காவலாளி
துப்பும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்,
பெண்கள் யாரும் இல்லாத வார்டில்.
எகிப்து வாத்தியார் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பார்,
பரீட்சைத் தாளைத் திரும்ப வாங்கின பிள்ளை போல,
எங்கே சிவப்பு, எத்தனை சிவப்பு என்று.
ஏழாம் கட்டில் ஜாசிம் துப்பவே மாட்டார்.
முப்பது வருஷம் முத்துக்கு மூழ்கினவர்.
உள்ளே இழுத்ததை வெளியே விடாமல் இருப்பதுதான்
அவர் படித்த ஒரே படிப்பு.
"கயிற்றை மேலே யாராவது இழுக்கணுமே" என்பார்.
நான் முதுகைத் தட்டுவேன்.
வரும்.

பின்கட்டில் எண்ணெய்க் கம்பெனியின் பழைய டிரம்.
முதலில் மரத்தூள் புகையும், பிறகு மெழுகு பற்றும்,
அப்புறம் நீலமாக ஒரு சீறல்.
தெற்கே வானத்தடியில் கம்பெனி
தனக்கு வேண்டாத வாயுவை எரித்துக்கொண்டிருக்கும்,
ராவும் பகலும்.
அதற்கு எந்த வார்டில் நோட்டு வைத்திருக்கிறார்களோ.

ஆனியில் ஷமால் அடித்தது. இருமினேன்.
மணல் என்றேன்.
காற்று நின்று பதினாறு நாளைக்குப் பிறகும்
மணல் என்றேன்.
ஜாசிம் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:
"மரியா, உன் கால் அடித்தரையைத் தொட்டுவிட்டது."
என் சட்டை நுனியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார்,
கீழே இருப்பவன் மேலே கேட்கிற மாதிரி.

அன்று ராத்திரி ஒரு அட்டையை எனக்காக மடித்தேன்.
ஆயிரம் முறை மடித்த கை
காதைத் தப்பான பக்கம் செருகியது.
மறுநாள் மற்றதற்கு நடுவே அதையும் வைத்து எரித்தேன்.
எரியும்போது யாருடையது என்று தெரியாது.
நோட்டில் இருபத்திரண்டு.

அட்டை பொய் சொல்லத் தெரியாதது.
இருபத்துமூன்று நாளைக்கு வர வேண்டிய ஐந்து கட்டு
ஒரு நாள் முன்னாலேயே தீர்ந்தது.
ஏலியாம்மா சிஸ்டர் வெறும் காகித உறையைப் பார்த்தாள்,
தேதியைப் பார்த்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.
பெரிய டாக்டருக்கு ஒரு வார்த்தை போதும்,
அடுத்த கப்பலில் பம்பாய்,
வீட்டுக்குப் போகும் மணியார்டருக்கு முற்றுப்புள்ளி.
அன்று முழுக்க அவள் செருப்புச் சத்தத்தை எண்ணினேன்.

காலையில் மேஜைமேல் புது அட்டைகள், எண்ணி வைத்தபடி.
எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.
இருபத்துமூன்று.
கடைசி அட்டையின் கீழே காகிதப் பொட்டலம்,
உள்ளே வெள்ளை மாத்திரை, ஒரு வாரத்துக்கு.
ஐப்பசியில் விசா புதுப்பிக்கப் படம் எடுப்பார்கள்.
நடுவில் நாலு மாதம்.
நெஞ்சு வெளுக்க அது போதுமா என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நோட்டை மட்டும் இப்போது அவளே எழுதுகிறாள்,
சாய்ந்த எழுத்தில்:
கொடுத்தது இருபத்துமூன்று.
எரித்தது இருபத்திரண்டு.
காற்றில் போனது ஒன்று.

இன்றைக்கும் அப்படியே எழுதியிருக்கிறாள்.
வெளியே கொடித்துணி ஆடவில்லை,
கடல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடக்கிறது.